நூல் மேற்கோள்களைச் சேமிக்க ஒரு சொந்தச் செயலி: கேள்வி பதில்

படித்த நூல்களிலிருந்து பிடித்த வரிகளைச் சேர்த்து வைக்கத் தாமே ஒரு செயலி எழுத முனைந்திருப்பவர்களின் கேள்விகள் இவை. தமிழ் உரைத் தரவுகளோடு வேலை செய்வது என் தொழில். அதனால் எழுத்தும் தேடலும் சார்ந்தவற்றுக்கு விரிவாகப் பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், கோவை: செயலி எழுதும் கருவிகளில் ஃப்ளட்டரில் எழுதுவதா, ரியாக்ட் நேட்டிவிலா?

உங்களுக்கு எது ஏற்கெனவே தெரியுமோ அதில் எழுதுங்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஒவ்வொரு மேற்கோளோடும் என்னென்ன பதிவாக வேண்டும் என்பதை. நூலுக்கு ஓர் அட்டவணை, மேற்கோளுக்கு ஓர் அட்டவணை போதும். நூல் அட்டவணையில் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு ஆகியவை இருக்கட்டும். மேற்கோள் அட்டவணையில் வரி, இடம், உங்கள் குறிப்பு. குறிப்பை வரியோடு கலந்து எழுதாதீர்கள். சில ஆண்டுகள் கழித்து எது ஆசிரியர் சொன்னது, எது நீங்கள் நினைத்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

‘இடம்’ என்பதை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள். குறளுக்குக் குறள் எண், புறநானூற்றுக்குப் பாட்டு எண். இவை பெரும்பாலான பதிப்புகளில் மாறுவதில்லை. நாவலின் பக்க எண் அப்படியல்ல, மறுபதிப்பில் மாறிவிடும். பக்கத்தையும் பதிப்பையும் வரியைச் சேமிக்கும் அதே நிமிடத்தில் பதிந்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வரியைத் தேடி முழு நூலையும் புரட்ட வேண்டிவரும்.

மென்பொருள் பணியாளர், சென்னை: எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் எஃப்.டி.எஸ்.5 என்ற முழுவுரைத் தேடலைப் பயன்படுத்துகிறேன். ‘கால்’ என்று தேடினால் ‘கோல்’, ‘கேலி’ எல்லாம் வருகின்றன. எங்கே தவறு?

நல்ல கேள்வி. உரையைச் சொற்களாக வெட்டும் அதன் இயல்பான சொற்பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி போன்றவை ‘குறி’ வகையைச் சேர்ந்தவை. அவை வரும் இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக அது கருதுகிறது. ஆகவே ‘கால்’, ‘கோல்’, ‘கேலி’ மூன்றும் க, ல என்ற இரண்டு துண்டுகளாகவே பதிவாகின்றன. சொற்பிரிப்பானின் வகைப் பட்டியலில் குறி வகையையும் சேர்த்துவிட்டால் இது சரியாகும்.

அதோடு முடிவதில்லை. முதல் குறளில் ‘எழுத்தெல்லாம்’ என்று வருகிறது. ‘எழுத்து’ என்று முழுச்சொல்லாகத் தேடினால் அது கிடைக்காது. சொல்லின் பகுதியாகத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் இறுதி உகரம் புணர்ச்சியில் போய்விட்டது. தேடும் சொல் உகரத்தில் முடிந்தால் அதை நீக்கி, ‘எழுத்த’ என்று பகுதித் தேடல் செய்யுங்கள். எழுத்தை, எழுத்தில், எழுத்தெல்லாம் அனைத்தும் வந்துவிடும். ‘மரம்’ போன்றவற்றுக்கு இறுதி ‘ம்’ நீங்க வேண்டும். மரத்தை, மரத்தில் என்பவை அப்போதுதான் அகப்படும். 2020 டிசம்பரில் வந்த எஸ்க்யூலைட் 3.34 பதிப்பு முதல், உரையை மும்மூன்று குறியீடுகளாக வெட்டிப் பதியும் மும்மைச் சொற்பிரிப்பான் இருக்கிறது. ஆனால் ‘மர’ என்பது இரண்டே குறியீடுகள், அதன் அட்டவணையில் அகப்படாது. சில ஆயிரம் மேற்கோள்களுக்குச் எழுத்துத் துண்டு எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கும் சாதாரண ‘லைக்’ தேடலே போதுமான வேகத்தில் இயங்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. உள்ளே வரும் எல்லா உரையையும், இத்தகைய மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘கௌ’ எழுதுவதற்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் அதை என்.எஃப்.சி. திருத்தாது, தனியாகக் கவனிக்க வேண்டும்.

வங்கி ஊழியர், மதுரை: கிண்டிலில் கோடிட்டவற்றை எப்படி உள்ளே கொண்டுவருவது?

கருவியைக் கணினியில் இணைத்தால் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற உரைக் கோப்பு கிடைக்கும். பத்துச் சமக்குறிகள் கொண்ட வரியால் ஒவ்வொரு பதிவும் பிரிக்கப்பட்டிருக்கும். கோடிட்டதை நீட்டினாலோ குறைத்தாலோ பழைய பதிவு அழியாமல் புதியது சேரும். ஆகவே ஒரே நூலில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பதிவுகளில் பிந்தியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண் இல்லாத இடத்தில் கிண்டில் இட எண்ணையாவது பதியுங்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: எந்த நிரல்மொழி சிறந்தது?

முதல் பதிலைப் பாருங்கள்.

நூலகர், திருச்சி: பழைய நூல்களைப் படமெடுத்து எழுத்தாக மாற்றினால் ஒரே பிழையாக இருக்கிறது.

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய வடிவில் இருக்கும். அவற்றை எழுத்துணரிகள் தடுமாறியே படிக்கின்றன. டெசராக்ட் என்ற எழுத்துணரியில் தமிழ்த் தரவு உண்டு, இலவசம். ஆனால் அத்தகைய பக்கங்களுக்கு அதன் விளைவை அப்படியே நம்ப முடியாது. மேற்கோள் நான்கைந்து வரிதானே, கையால் தட்டுவது விரைவு. எழுத்துணரியைப் பயன்படுத்தினால் பக்கப் படத்தையும் சேர்த்தே சேமியுங்கள்; ஒப்பிட அது வேண்டும்.

ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், தஞ்சாவூர்: நூலில் ஒற்றுப்பிழை இருந்தால் சேமிக்கும்போதே திருத்திவிடுகிறேன். சரிதானே?

சரியல்ல. நூலில் உள்ளபடியே இருக்கட்டும்.

ஆய்வு மாணவி, புதுச்சேரி: மேலே உள்ளவருக்கு: திருத்தினால் அது மேற்கோளே அல்ல.

மெய்ப்புத் திருத்துநர்: அச்சகத்தின் பிழையை ஆசிரியர் தலையில் ஏற்றுவதுதான் நேர்மையா, அம்மா? எத்தனையோ நூல்களில் அந்தப் பிழை நுழைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆய்வு மாணவி: எது அச்சகத்தின் பிழை, எது ஆசிரியரின் நடை என்று யார் முடிவு செய்வது, ஐயா?

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. அச்சுப்பிழை ஆசிரியரின் குரல் அல்ல. ஆனால் மாணவியின் கேள்விக்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். ‘ஐயா’வை ‘அய்யா’ என்று எழுதுவதும் அந்த மரபில் தெரிந்தே செய்த தேர்வு. 1978இன் அரசாணை அதை ஏற்கவில்லை. இன்றைய மெய்ப்பு வழக்கப்படி அதை ‘ஐயா’ என்று மாற்றினால் ஒரு கொள்கையையே அழித்துவிடுகிறோம். பிழை போலத் தெரிவது பிழையா என்பதை அந்த ஆசிரியரின் வேறு பதிப்புகளைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஆகவே மேற்கோள் அட்டவணையில் வரிக்கு இரண்டு நெடுவரிசைகள். ஒன்றில் நூலில் உள்ளபடி. அதை யாரும் தொடக் கூடாது, உங்கள் செயலியும் என்.எஃப்.சி. தவிர எதையும் மாற்றக் கூடாது. இன்னொன்று தேடலுக்கு மட்டும்: ‘அய்’யை ‘ஐ’ ஆக்குங்கள், ஒற்றுகளைச் சீராக்குங்கள், சந்தி பிரியுங்கள். ஐயாவின் திருத்தம் குறிப்பில் போகட்டும், இன்ன சொல்லை இப்படித் திருத்திப் படிக்கிறேன் என்று. ஐயாவைப் போன்றவர்களின் குறிப்பு வருங்காலப் பதிப்பாசிரியருக்கே பயன்படும். வரிக்குள் கரைந்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

இல்லத்தரசி, ஈரோடு: குறிச்சொற்கள் நூற்றுக்கு மேல் ஆகிவிட்டன. என்ன செய்வது?

ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் தம் குறிப்பேட்டுக்கு 1686இல் ஒரு வழி வெளியிட்டார்: தலைப்பின் முதல் எழுத்தும் அதை அடுத்து வரும் உயிரெழுத்தும் சேர்ந்தது ஓர் அறை. நம் உயிர்மெய் எழுத்து இவ்விரண்டையும் தானே தாங்கியிருப்பதால், முதலெழுத்தை வைத்து அடுக்கினாலே லாக்கின் அட்டவணை உங்களுக்குக் கிடைத்துவிடும். ஒரே ஒரு மேற்கோள் மட்டும் உள்ள குறிச்சொற்களை நீக்கிவிடுங்கள். தேடல் நன்றாக இருந்தால் அவை தேவைப்படாது.

பள்ளி ஆசிரியர், சேலம்: சேமித்தவற்றைப் பொதுவில் வெளியிடலாமா?

சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பெரும் தொகுப்பாக வெளியிடுவதற்கு முன் வழக்குரைஞரிடம் கேளுங்கள். வெளியிடும் ஒவ்வொரு வரியோடும் நூலும் பதிப்பும் பக்கமும் போகட்டும்.

பெயர் குறிப்பிடாதவர்: ஃப்ளட்டர் கற்றுக்கொண்டு தொடங்கலாமா?

இது மூன்றாவது முறை. தாளில் அட்டவணையை வரைந்து இன்றே தொடங்குங்கள்.

இதழாளர், நெல்லை: ஐபோனில் உலாவிவழி இயங்கும் செயலி எழுதினேன். ஊருக்குப் போய்த் திரும்பினால் எல்லா மேற்கோள்களும் காணவில்லை.

ஐபோனின் உலாவியான சஃபாரி 2020 முதல், அதைப் பயன்படுத்திய ஏழு நாள்களில் நீங்கள் ஒரு தளத்தைத் தொடாதிருந்தால் அது உலாவிக்குள் சேமித்ததை அழித்துவிடுகிறது. முகப்புத் திரையில் சேர்த்த செயலிகளுக்கு இது பொருந்தாது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எல்லா மேற்கோள்களையும் எளிய உரைக் கோப்பாக வெளியே எடுக்கும் பொத்தானை இன்றே எழுதுங்கள். நூல், பதிப்பு, பக்கம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். அழிந்தவற்றில் நூலின் பெயராவது நினைவிருந்தால் அந்தப் பட்டியலை முதலில் எழுதி வையுங்கள், கையிலுள்ள நூல்களில் கோடிட்ட பக்கங்களிலிருந்து மீட்கலாம்.