அடைப்புக்குறி போட்டதும் எக்செல்லில் விடை ஏன் மாறுகிறது?

=0.5-0.4-0.1 என்றால் 0; =(0.5-0.4-0.1) என்றால் 0.0000000000000000278 அளவுக்கு ஒரு குறை எண். இதுதான் கேள்வி. உண்மையில் தவறான விடை இரண்டாவதல்ல. முதலாவதுதான் ஒப்பனை செய்யப்பட்டது.

எக்செல் எண்களை ஐஇஇஇ 754 (கணினிகள் பின்ன எண்களைச் சேமிக்கும் பொதுத் தரம்) தரப்படி 53 இரும இலக்கத் துல்லியத்தில், அதாவது 0, 1 மட்டும் கொண்ட இலக்கங்களில், வைத்திருக்கிறது. 0.5 இரும முறையில் சரியாக அடங்கும். 0.1 அடங்காது: 0.000110011 என்று 0011 முடிவின்றித் தொடரும். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று நிறுத்துவது போலத்தான். 0.4, 0.1 இரண்டுமே துளி கூடுதலாகச் சேமிக்கப்படுகின்றன. அந்த இரு கூடுதல்களின் கூட்டுத்தொகையே நீங்கள் கண்ட எச்சம்.

சூத்திரத்தின் கடைசிச் செயல் கழித்தலாகவும் விடை பூச்சியத்தை ஒட்டியும் இருந்தால், எக்செல் அதை 0 ஆக்கிவிடும். அடைப்புக்குறி அந்தச் சலுகையைத் தடுக்கிறது. இப்படி மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிழை தெரிவதே நல்லது.

தசம இடங்களைக் குறைத்துக் காட்டுவது தீர்வல்ல, உள்ளே இருக்கும் எண் மாறாது. ஒப்பிடுவதற்கு முன் ரவுண்ட் சார்பால் முழுமையாக்குங்கள். பணக் கணக்கென்றால் பைசாவில், முழு எண்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்.