கொலம்பியாவின் 'தொலைந்த நகரம்' மலையேற்றத்துக்குக் கைடு இல்லாமல் போக முடியாதா? வெறும் கல் வட்டங்களைப் பார்க்க நான்கு நாள் நடக்கத்தான் வேண்டுமா?

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. சியுதாத் பெர்தீதாவுக்கு (தொலைந்த நகரத்தின் ஸ்பானியப் பெயர்) தனியாகப் போக அனுமதி இல்லை. அங்கீகாரம் பெற்ற சில நிறுவனங்கள் வழியாக, கைடோடுதான் போக வேண்டும். சாப்பாடு, படுக்கை, நுழைவு அனுமதி எல்லாம் அந்தக் கட்டணத்திலேயே அடங்கிவிடும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. அலுவலக வேலையாக ஏழு மாதம் தலைநகர் பொகோட்டாவில் இருந்தபோது, ஒரு பிப்ரவரியில் நான் போய் வந்தேன். போவதற்கு முன் எனக்கும் உங்களுடைய இதே சந்தேகம் இருந்தது.

இடம் எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொலம்பியாவின் வடக்கே, கரீபியன் கடலோரம் சாந்தா மார்த்தா என்ற ஊர். 1525இல் ஸ்பானியர்கள் அமைத்தது. ஊருக்குப் பின்னாலேயே சியரா நெவாடா மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. கடலிலிருந்து 42 கி.மீ. தூரத்திலேயே 5,700 மீட்டர் உயரத்துக்குப் பனிச் சிகரங்கள். கடலோர மலைகளில் உலகிலேயே உயரமானது இதுதான் என்பார்கள். ஆனால் பழைய நகரம் அவ்வளவு உயரத்தில் இல்லை, 1,200 மீட்டருக்குள்தான். அதனால் பெருவில் உள்ள பழைய நகரமான மச்சு பிச்சு பக்கம் போகிறவர்களுக்கு வரும் மலைநோய்ப் பயம் இங்கே கிடையாது. இங்கே படுத்துவது புழுக்கமும் சேறும்தான்.

சாந்தா மார்த்தாவிலிருந்து ஜீப்பில் கிளம்பி, பாதி தூரம் தார் ரோடு, மீதி மண் ரோடு. எல் மாமெய் என்ற சிற்றூரில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நடை. போக வர ஏறக்குறைய 45 கி.மீ., போன வழியிலேயே திரும்ப வேண்டும். முதல் நாள் மதியம் மரநிழல் குறைவான ஏற்றம். அதுதான் எனக்கு இருந்ததிலேயே கடினமான பகுதி. மூச்சு வாங்க உட்காரும் இடங்களில் தர்பூசணியும் அன்னாசியும் வெட்டிக் கொடுப்பார்கள். அந்த அன்னாசியின் ருசியை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். இரவு தங்குமிடம் என்பது தகரக் கூரை, அடுக்குக் கட்டில், கொசுவலை, பச்சைத் தண்ணீரில் குளியல். ஒருமுறை நனைந்த துணி நான்கு நாளும் காயாது. நடக்க ஒரு செட், இரவில் போட ஒரு செட் என்று பிரித்து, இரவுத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். கைடு வீவா இனத்தைச் சேர்ந்தவர், நாற்பது வயது இருக்கும். வெள்ளை உடை, தோளில் குறுக்காக ஒரு நூல் பை. அந்த மலையில் கோகி, வீவா, அர்வாக்கோ, கன்குவாமோ என்று நான்கு பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். நகரத்தைக் கட்டிய தைரோனாக்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் எல்லோருக்கும் உறுதி. இவர்களுடைய பாரம்பரிய அறிவு முறையை யுனெஸ்கோ 2022இல் தன் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். மலையில் எனக்குத் தெரிந்தது கைடின் கையில் இருந்த குடுக்கைதான்.

போபோரோ என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறிய சுரைக்குடுக்கை. உள்ளே கடல் சிப்பியைச் சுட்டுப் பொடித்த சுண்ணாம்பு. வாயில் கோகா என்ற செடியின் வறுத்த இலையை அடக்கிக்கொண்டு, ஒரு குச்சியைக் குடுக்கைக்குள் விட்டு, அதில் ஒட்டும் சுண்ணாம்பை இலையோடு சேர்த்துக்கொள்கிறார்கள். குச்சியில் மிஞ்சிய எச்சில் பூச்சைக் குடுக்கையின் கழுத்தில் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு கெட்டியான வளையம் வளர்ந்துகொண்டே வருகிறது. இரண்டாம் நாள் மாலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "யோசிக்கிறதை இதுல எழுதி வைக்கிறேன்" என்றார். இரண்டு ஆண்கள் வழியில் சந்தித்தால் ஆளுக்கொரு பிடி கோகா இலையை மற்றவர் பையில் போடுகிறார்கள். அதுதான் வணக்கம்.

வெற்றிலை போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இலையின் சாரம் இறங்கச் சுண்ணாம்பு வேண்டும், அங்கேயும் அதே கணக்குதான். எங்கள் பாட்டியும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வைத்திருந்தார், வாசலுக்கு யார் வந்தாலும் வெற்றிலைத் தட்டை நகர்த்துவார் என்று என் அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். அவர் குச்சியை நிறுத்திவிட்டு, "பாட்டியா?" என்றார். போபோரோ ஆண்களுக்கு மட்டும். வயது வந்ததும் மாமோ என்கிற அவர்களுடைய குரு கையால் வாங்க வேண்டும். "உங்க பாட்டிக்கு அதை யார் குடுத்தாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சுண்ணாம்புக்கான சிப்பி கடற்கரையிலிருந்துதான் மலைக்கு வர வேண்டும். அதனால் பனிச் சிகரம் முதல் கடற்கரை வரை எல்லாமே ஒரே உடம்பு என்று அவர்கள் சொல்வது வெறும் தத்துவம் இல்லை. தங்கள் புனித இடங்களை இணைத்து மலையைச் சுற்றி ஓடுவதாக அவர்கள் கருதும் எல்லைக்குக் கறுப்புக் கோடு என்று பெயர். நாங்கள் ஜீப்பில் வரும்போதே அதைத் தாண்டிவிட்டோமாம்.

அந்த இரண்டாம் நாள் காலையில் ஒரு சங்கடம் நடந்திருந்தது. வழியில் ஒரு கோகிப் பெண் எதிரே வந்தார். நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் பை, பைக்குள் குழந்தை, நடந்துகொண்டே கையால் இன்னொரு பையைப் பின்னிக்கொண்டு வந்தார். எங்களில் ஒருவர் சட்டென்று போனை உயர்த்திப் படம் எடுத்துவிட்டார். கைடு நடையை நிறுத்தினார். கோபப்படவில்லை. படத்தை அழிக்கச் சொன்னார், அழிக்கும் வரை நகரவில்லை. அதன்பிறகு எங்கள் எல்லோருடைய நடையும் மாறியது என்றே சொல்வேன். அதுவரை காட்டுக்குள் நடந்தோம், அதற்குப் பிறகு ஒருவர் வீட்டுக் கூடத்தின் வழியாக நடப்பதுபோல நடந்தோம். குழந்தைகள் மிட்டாய் கேட்பார்கள், கொடுக்காதீர்கள் என்றும் அப்போதுதான் சொன்னார்.

சரி, நகரம். மூன்றாம் நாள் விடியற்காலையில் புரிதாகா ஆற்றைக் கடக்க வேண்டும். எங்களுக்கு இடுப்பளவு தண்ணீர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனோம். கரையேறியதும் காட்டுக்குள் செங்குத்தாகப் படிகள், சுமார் 1,200. பாசி பிடித்த குறுகிய கற்கள், பாதத்தைப் பக்கவாட்டில்தான் வைக்க முடியும். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். மேலே முதல் வட்ட மேடையில் கைடு எங்களை நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு கோகா இலை கொடுத்து, கொண்டுவந்த சுமையை மனதில் நினைத்து இலையை இங்கேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்றார்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். அங்கே கூரையோ தூணோ கிடையாது. மலைமுகடு முழுக்க ஏறக்குறைய 170 கல் மேடைகள், மேல்நோக்கிப் படிப்படியாக. மரமும் ஓலையுமாக அவற்றின் மேல் நின்ற வீடுகள் மக்கிப் போய்விட்டன. தொடக்கம் கி.பி. 800 வாக்கில் என்கிறார்கள். மச்சு பிச்சுவைவிட ஆறு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் காலத்தில் கைவிடப்பட்டது.

தனியாகப் போயிருந்தால் நானும் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பேன். கைடு ஒரு மேடையில் குந்தி உட்கார்ந்து, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினார். ஒரு கை அகலம் ஓடுவதற்குள் தண்ணீர் இரண்டு கல் இடுக்கில் இறங்கிக் காணாமல் போய்விட்டது. முந்தின இரவு நல்ல மழை. எங்கள் தங்குமிடத்து வாசலில் கணுக்கால் சேறு. இங்கே இத்தனை மேடைகளில் ஒரு குட்டைகூடத் தேங்கவில்லை. சாந்து இல்லாமல் அடுக்கிய கல், ஆனால் எந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று யோசித்து அடுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் வருட மழையில் மலைச்சரிவு சரியாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். பார்க்க வேண்டியது கல் வட்டத்தை அல்ல, இதைத்தான்.

சில வட்டங்களின் நடுவே பள்ளங்கள் இருந்தன. தைரோனாக்கள் இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள், தங்கத்தோடும் பானைகளோடும். 1972இல் புதையல் தேடிகள் இந்தப் படிகளைக் கண்டுபிடித்து, வீடு வீடாகத் தோண்டினார்கள். அவர்களுக்குள்ளேயே கொலைகள் விழுந்தன. இந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பச்சை நரகம்'. பொருள்கள் கள்ளச் சந்தைக்கு வந்த பிறகுதான் 1976இல் அரசின் தொல்லியலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். "அது புதையல் இல்ல, பூமிக்குக் கட்டின கடன். திரும்ப எடுத்துட்டுப் போய்ட்டாங்க" என்றார் கைடு. இந்த இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் தெய்யூனா. மாமோக்களுக்கு இது எப்போதுமே தெரிந்த இடம், இப்போதும் வந்து போகிற இடம். செப்டம்பரில் மலையேற்றத்தை நிறுத்திவிடுவதும் அதற்காகத்தான், அவர்கள் சடங்குகள் செய்து இடத்தைச் சுத்திகரிக்க வேண்டும். உங்கள் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு.

பாதுகாப்பைப் பற்றி யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். 2003இல் கெரில்லாக்கள் இங்கிருந்து 8 வெளிநாட்டுப் பயணிகளைக் கடத்தியது உண்மை. அதன்பின் ராணுவம் வந்தது, நான் போனபோதும் மேலே ஒரு சிறிய முகாம் இருந்தது. நான்கு நாளில் எனக்கு ஒரு இடத்திலும் பயம் வரவில்லை. 70களில் கஞ்சாவும் பிறகு கொக்கெயினுக்காகக் கோகாவும் பயிரிட்டு வாழ்ந்த மலை அது. இன்றைக்கு அங்குள்ள விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு சமையல், கோவேறு கழுதை ஓட்டுவது, கைடு வேலை என்று இந்தப் பாதையிலிருந்துதான் சம்பளம் வருகிறது.

நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கொலம்பியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்த முடியும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிட வேண்டும். நான் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன்.

கட்டணத்தில் நிறுவனங்களுக்குள் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கைடில்தான் வித்தியாசம். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் கூட அனுப்புவார்கள், அதனால் மொழியை நினைத்துத் தயங்க வேண்டாம். சாந்தா மார்த்தாவில் பணம் கட்டுவதற்கு முன், கூட வரப்போகிறவர் வீவாவா அல்லது மலையிலுள்ள மற்ற மூன்று இனங்களில் ஒன்றைச் சேர்ந்தவரா என்று கேளுங்கள். இல்லை என்றால், அப்படி ஒருவர் கிளம்பும் நாள் வரை காத்திருங்கள். நான் இரண்டு நாள் காத்திருந்தேன்.