ஈரம் இருந்தும் மிளகாய்ச் செடி வாடுகிறதே!

கேள்வி: மிளகாய் நட்டு 40 நாள் ஆகிறது. போன வாரம் யூரியாவும் பொட்டாஷும் தூரிலேயே வைத்து, போர் தண்ணீர் பாய்ச்சினேன். மூன்றாம் நாளே செடிகள் துவண்டு, இலை ஓரம் கருக ஆரம்பித்தது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. தினமும் கொஞ்சம் தண்ணீர் விட்டும் தேறவில்லை. எங்கள் போர் தண்ணீர் சற்று உப்புக் கரிக்கும். என்ன செய்வது?
- ஒரு விவசாயி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ஐயா, முதலில் அந்தத் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

வீட்டில் மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். நாம் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. மாங்காயின் செல்களுக்குள் இருந்த தண்ணீரை வெளியே இருக்கும் உப்பு இழுத்துவிடுகிறது. உங்கள் செடியின் வேரிலும் இதுதான் நடக்கிறது.

ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது தண்ணீரைச் சுலபமாக விடும். உப்பையும் சர்க்கரையையும் அப்படி விடாது. உப்பு, சர்க்கரை குறைவாகக் கரைந்திருக்கும் பக்கத்திலிருந்து அதிகமாகக் கரைந்திருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். பாடப்புத்தகத்தில் இதைச் சவ்வூடுபரவல் என்பார்கள். சாதாரணமாக வேர்ச் செல்லின் சாறு மண் நீரைவிட அடர்த்தி. அதனால் தண்ணீர் உள்ளே போகிறது, பகலில் இலை ஆவியாக்கும் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது. சவ்வில் தண்ணீர் போகவென்றே சின்னஞ்சிறு புரத வழிகள் உண்டு; அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த வழியில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடும். தூரில் குவிந்த உரமும் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து மண் நீரை அடர்த்தியாக்கினால், வேருக்குள் தண்ணீர் நுழைவது குறையும். உரம் கரைந்து நிற்கும் இடத்தில் வேரிலிருந்து வெளியேயும் போகும்.

தினமும் கொஞ்சம் விடும் தண்ணீர் மேல்மண்ணிலேயே காய்ந்து, தன் உப்பை அங்கேயே விட்டுப் போகிறது. பாத்தி ஓரம் வெள்ளைப் பூத்திருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள். வாடிய செடியின் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள். பால் போல நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும், கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது.

அப்படி இறங்கவில்லை என்றால், கரையாமல் கிடக்கும் உரத்தைத் தூரிலிருந்து சுரண்டி எடுங்கள். பிறகு குளத்து நீரோ பண்ணைக்குட்டை நீரோ கிடைத்தால், மாலையில் ஒரே தடவையாக நிறையப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள். தண்ணீர் வடிய வழி முக்கியம். தேங்கினால் வேர் அழுகும். நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் என்றால் போர் தண்ணீரோடு கலந்துகொள்ளுங்கள். ஜிப்சம் போடலாமா என்று பலர் கேட்பார்கள். அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து, வெறும் உப்பைக் கழுவாது.

புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம். அப்புறம் சிறிது சிறிதாகப் பிரித்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து மண் அணையுங்கள். பொட்டாஷுக்கு, கட்டுப்படியானால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். சாதாரணப் பொட்டாஷைவிட அதன் உப்புத்தன்மை குறைவு. மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மிளகாய் உப்புத் தாங்காத பயிர். நிறைவுற்ற மண் சாற்றின் (தண்ணீர் நிறைய ஊறிய மண்ணிலிருந்து பிரித்த நீரின்) ஈசி, அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.

கருகிய இலை ஓரம் இனிப் பச்சையாகாது. அதைப் பார்த்துப் பதறாமல் நுனிக்குருத்தைப் பாருங்கள். அது பசுமையாக நின்றால் செடி பிழைத்துவிடும்.