மார்கழியில் கச்சான் அடிக்காது

கேள்வி: பிரபல எழுத்தாளரின் வாசிப்புக் கூட்டத்துக்குப் போய் நெரிசலில் நிற்பதால் என்ன பயன்? யூடியூபில் பார்த்தால் போதாதா?

நீங்கள் சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு ஒரு எழுத்தாளர் வந்துபோகும் ஊரில் இருந்தால் எனக்கும் இப்படித்தான் தோன்றும். நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். எழுத்தாளர் என்றால் எங்களுக்குப் பின்னட்டைப் புகைப்படம்தான்.

2024 ஜனவரி, பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் பெரிய எழுத்தாளர் ஒருவர் தன் நாவலிலிருந்து வாசிக்கப் போகிறார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. யார் என்று கேட்காதீர்கள், அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். நானும் ரசிகைதான். நாவல் எங்கள் கடலைப் பற்றியது.

அப்பா நாட்டுப்படகில் போகிறவர், படிக்கத் தெரியாது. அந்த நாவலை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். கருவாடு காயப்போடும் இடமெல்லாம் "இந்தாளு பார்த்துத்தான் எழுதிருக்காரு" என்று தலையாட்டிக் கேட்டார். ஆனால் ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். மார்கழி விடியலில் கதாநாயகன் படகில் பாய் விரித்து, கச்சான் காற்றில் வடகடலுக்குப் போகிறான்.

"மார்கழில ஏது கச்சான்? வாடையில வடகடலுக்குப் போனா அவன் கதை அன்னைக்கே முடிஞ்சிரும்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஐப்பசியிலிருந்து வடகிழக்கே இருந்து வாடை அடிக்கும், வடகடல் கொந்தளிக்கும், அப்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் மேற்கிலிருந்து கச்சான் வந்தால் தென்கடல்தான் பொங்கும். எந்தப் பக்கம் வலை கொண்டுபோவது என்பதை இந்தக் காற்றுதான் சொல்லும். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நாவல் என்ன பஞ்சாங்கமா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் சித்திரை வெயிலில் கதாநாயகி கம்பளி போர்த்திக்கொண்டு வந்தால் சும்மா இருப்பீர்களா?

நான் கிளம்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நேர்ல பாக்கும்போது அந்தக் காத்த மட்டும் சொல்லிருத்தா."

ராமநாதபுரம் போய்ச் சேரப் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை எங்களுக்கு பஸ்தான் கதி. அந்த பஸ்ஸும் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றுவிடும், ஏனென்றால் சுற்றுலா வருகிறவர்கள் நடுப்பாலத்தில் காரை ஓரங்கட்டிவிட்டுக் கடலைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுப்பார்கள். ஒரு தடவை பின்னாலேயே ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஐயா, அந்தக் கடல் எங்கேயும் போகாது, இறங்கின பிறகு கரையில் நின்று நாள் பூராவும் பாருங்கள். அன்றைக்கும் அரைமணி நேரம் போனது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் இதையெல்லாம் வேறு எங்கே சொல்வது?

கடையில் முப்பது பேர் உட்காரலாம், நூறு பேருக்கு மேல் இருந்தோம். நோட்ஸ், கைடு அடுக்கிய மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நான் டிஎன்பிஎஸ்சி புத்தகங்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நின்றேன். வெளியே வாடை, உள்ளே புழுக்கம். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஐந்து பேர் பேசினார்கள். எல்லோருக்கும் சால்வை. அதில் இரண்டு பேர் நாவலைப் பிரித்தே பார்க்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

அப்புறம்தான் அவர் வாசித்தார். நல்ல குரல். வாசித்தது எந்தப் பக்கம் தெரியுமா? அதே மார்கழி, அதே கச்சான். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. எனக்கும் புல்லரித்தது, அதை மறைப்பானேன். தப்பென்று தெரிந்தும் அந்தப் பாய் விரிகிற இடத்தில் கண் கலங்கிவிட்டது. யூடியூபில் இதே பகுதியைப் பிறகு இரண்டு முறை கேட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

கையெழுத்து வரிசை வாசல் தாண்டி நின்றது. கடைப் பையன் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, "பேரை எழுதி வச்சுக்குங்க, பேச்சுக் குடுக்காதீங்க, சார் ஊருக்குப் போகணும்" என்று விரட்டிக்கொண்டே வந்தான். கடைசி பஸ்ஸை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் முறை வந்தது. அவர் நிமிரவில்லை, சீட்டைப் பார்த்து எழுதத் தொடங்கினார். பின்னால் இருந்தவர் முழங்கை என் முதுகில். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சார், மார்கழியில கச்சான் அடிக்காது சார். வாடைதான்."

அவர் நிமிர்ந்து, அழகாகச் சிரித்து, "ரொம்ப நன்றிம்மா" என்றார். அந்தச் சத்தத்தில் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை. பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த சீட்டு வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நூறு பேர் வாய் திறந்தால் எதைத்தான் கேட்பார்?

வீட்டுக்கு வர மணி பதினொன்றாகிவிட்டது. அப்பா தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன்ப்பா."

"என்ன சொன்னாரு?"

"ரொம்ப நன்றின்னாரு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாத்தியா, பெரிய மனுசன். ஒத்துக்கிட்டாருல்ல" என்றார். மறுநாள் கரையில் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.