ஊர் மாறினாலும் பைத்தானை விட வேண்டாம்

கேள்வி: தென்காசியில் இருந்தபோது பைத்தான் நிரல் மொழியில் ஃபங்ஷன் வரை படித்தேன். கணவரின் வேலைக்காகச் சென்னை வந்துவிட்டோம். வீட்டில் வைஃபை இல்லை. போனில் தினம் 1.5 ஜிபி டேட்டாதான். லேப்டாப்பும் பழசு: 4 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. ஆன்லைன் கோர்ஸில் சேரட்டுமா, லேப்டாப்பைச் சரிசெய்யட்டுமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: கோர்ஸுக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். முதலில் லேப்டாப்பைப் பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? அப்படியென்றால் மந்தத்துக்குப் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். ஃபைல்களை பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி, வாங்கி மாட்டச் சொல்லுங்கள். வாரன்டி எழுதிய பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக, 4 ஜிபி ராமுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளம் பொருந்தும். அதை நிறுவ இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. உங்கள் ஒருநாள் டேட்டாவில் அடங்காது. பிரவுசரில் இறக்கினால் பாதியில் அறுந்து, சில நேரம் முதலிலிருந்து தொடங்கும். டோரன்டில் (பயனர்கள் தங்களுக்குள் பகிர்ந்து இறக்கும் முறை) இறக்குங்கள், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும். அப்லோடு வேகத்தை மட்டும் மிகக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் அதுவே டேட்டாவைத் தின்றுவிடும். இறங்கியதை வேறொரு 8 ஜிபி பென் டிரைவில் எழுதி நிறுவலாம். பைத்தான் நிரல் எழுதும் எடிட்டராக தானி (Thonny) போதும்.

அடுத்து டேட்டா. மிச்சம் நள்ளிரவில் காலாவதியாகிவிடும் என்பதால், டவுன்லோடுகளைப் பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் ஆவணங்கள் முழுவதும் ஜிப் ஃபைலாகவே கிடைக்கின்றன; ஒருமுறை இறக்கினால் பிறகு இணையம் வேண்டாம்.

பலர் தடுக்கி விழும் இடம், பைத்தானுக்கான கூடுதல் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் (pip). ஒவ்வொரு புது வென்வ் (venv, ஒரு வேலைக்கான தனி பைத்தான் சூழல்) உருவாக்கும்போதும் பேக்கேஜை மறுபடி நிறுவ வேண்டும். முன்பு இறக்கியதன் சேமிப்பான கேஷ் இருந்தாலும், இணையம் இல்லாவிட்டால் அங்குள்ள பேக்கேஜ் பட்டியலைப் பார்க்க முடியாமல் பிப் நின்றுவிடும். அதனால் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் வீல் ஃபைல்களை (நிறுவத் தயாரான பேக்கேஜ்கள்) ஒரு ஃபோல்டரில் சேர்த்து, அங்கிருந்தே நிறுவுங்கள். இதை லேப்டாப்பிலேயே செய்யுங்கள், போனில் கட்டளைகளை இயக்கும் டெர்மக்ஸ் செயலியில் வேண்டாம். போனுக்கும் லேப்டாப்புக்கும் வீல் வேறு. பைத்தான் பதிப்பு மாறினாலும் நம்பை (NumPy, எண் கணக்கீட்டுக்கான பேக்கேஜ்) போன்றவை ஏறாது.

பாடத்துக்கு, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் (NPTEL) இணையதளத்தில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வகுப்பு மிக நன்றாக இருக்கும். கற்பது இலவசம். வீடியோவுக்கு டேட்டா போதாத நாளில் அதன் எழுத்து வடிவ பிடிஎஃப்பைப் படியுங்கள். கொஞ்சம் வேகமான வகுப்பு. ஃபங்ஷன் வரை தெரிந்த உங்களால் தாக்குப்பிடிக்க முடியும். சான்றிதழ் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். அதற்குப் பதிவு செய்யக் கடைசித் தேதி தனியாக உண்டு. முதல் சில வார அசைன்மென்ட்களை முடித்துப் பார்த்துவிட்டு, அதற்குள் முடிவெடுங்கள்.