அம்மா வீடு: நாள் வாடகையா, மாத வாடகையா?

கேள்வி: அக்கா, புதுச்சேரியை ஒட்டிய தந்திராயன்குப்பத்தில் அம்மா விட்டுப்போன இரண்டு படுக்கையறை வீடு பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் இருப்பது நெய்வேலியில். நாள் வாடகைக்கு விட்டால் ஒரு ராத்திரிக்கு 3,500 ரூபாய் கிடைக்கும் என்கிறான் தம்பி. மாத வாடகை 14,000. மாசி மகத்துக்கு மட்டும் நாங்கள் வந்து தங்க வேண்டும். எது நல்லது?
- ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: குருசுக்குப்பத்தில் எங்கள் மாமியார் வீட்டை இரண்டு வருடம் நாள் வாடகைக்கு விட்டவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மாத வாடகைக்கே விடுங்கள்.

சென்னைக்காரர்கள் வருவது வெள்ளி, சனி ராத்திரிகளில்தான். மாதம் 8 ராத்திரி என்றால் 28,000. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 8,000, துப்புரவும் துணி வெளுப்புமாக 5,000, ஏசி ஓடும் கரண்டுக்கு 3,000 போனால் மிஞ்சுவது 12,000. இதில் முன்பதிவு செயலியின் கமிஷனைச் சேர்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் பாதியாகும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். மாத வாடகையிலோ, வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தை வருமான வரிக்குக் கழித்துக்கொள்ளலாம்.

பணத்தை விடுங்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் நின்றுவிட்டது என்று விருந்தாளிகள் போன் செய்தார்கள். என் வீடு பக்கத்துத் தெரு, நடந்தே போனேன். நெய்வேலியிலிருந்து நீங்கள் எப்படிப் போவீர்கள்? உள்ளூரிலேயே தங்கை, தம்பி என்று யாராவது இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் ஜிப்மர் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் குடும்பத்துக்கு விட்டேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் ராத்திரி. தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததுமே ஃபிரிட்ஜையும் மாமியாரின் தையல் மெஷினையும் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டார்கள். நான் சொல்லவே இல்லை. உப்புக்காற்று அரிக்கும் கடலோர வீட்டுக்கு, தினமும் ஜன்னலைத் திறந்து சாத்த ஓர் ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

மாசி மகம் வருடத்துக்கு ஒரு தரம்தானே! மாடியில் அறை இருந்தால் உங்கள் சாவியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 11 மாத ஒப்பந்தத்தில் அதைத் தெளிவாக எழுதுங்கள், மாடிக்கு ஏறும் படி, தண்ணீர்க் குழாய் உட்பட.