வகுப்பில் ஒரே தமிழ்ப் பையன்: மகன் தனியாகச் சாப்பிடுவது பற்றி

வணக்கம் அக்கா. மகன் சிங்கப்பூரில் உயர்நிலை 1-இல் சேர்ந்து ஒரு தவணை முடிந்தும் இடைவேளையில் தனியாகச் சாப்பிடுகிறான், வகுப்பில் அவன் ஒருவனே தமிழ், ஜி3 கணக்கிலும் (மூன்று நிலைகளில் கடினமானது) தடுமாறுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கனத்தது. என் மகளும் அப்படித்தான் தொடங்கினாள்.

கணக்கைப் பற்றி அதிகம் பயப்படாதீர்கள். 2024-இலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் வெவ்வேறு நிலையில் படிக்கலாம். ஜி2-க்கு இறங்க வேண்டுமா என்று வகுப்பாசிரியரிடம் நேரில் கேளுங்கள். அதற்கு முன் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நடத்தும் துணைப்பாட வகுப்பையும் முயன்று பாருங்கள்.

தனிமைதான் பெரிய விஷயம். "போய்ப் பேசு" என்று சொல்லாதீர்கள்; நான் சொல்லிச் சொல்லி அவள் வாயையே மூடிவிட்டாள். அவளை மாற்றியது இணைப்பாட நடவடிக்கை. வாரம் இருமுறை கூடைப்பந்து. பயிற்சி முடிந்து ஒரு மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் அவளோடு தரையில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்தபடி ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்ந்து வியர்த்த பிறகு பேச்சு தானாக வரும்.

அப்புறம், அவன் பள்ளியில் தமிழ் இல்லையென்றால் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குத்தானே போவான்? அதைக் கூடுதல் சுமையாக நினைக்காதீர்கள். பல பள்ளித் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். என் மகளின் நெருங்கிய தோழி அங்கே கிடைத்தவள்தான்.

அவன் எந்த நடவடிக்கையில் இருக்கிறான் என்று எழுதுங்கள் அக்கா.